சட்டைத் தையல் வெளியே தெரியட்டும்

வெள்ளவத்தை,
கொழும்பு.

அன்பு மகளுக்கு,

நீ வரைந்து அனுப்பின படம் கிடைத்தது. காலிமுகத்திடலில் வண்ணத்துப்பூச்சிப் பட்டம் விடுகிற பெடியன், வாயெல்லாம் சிரிப்பு. "தோல் வருத்தத்துக்குக் காசு சேர்க்கிற அட்டையில் இவ்வளவு கலகலப்புச் சரிவருமா அம்மா?" என்று கேட்டிருக்கிறாய். சரிவரும் பிள்ளை. அழுகிற முகத்தைக் கண்டால் சனம் ஐயோ பாவமென்று சில்லறையைப் போட்டுவிட்டு நடந்துவிடும். சிரிக்கிற பிள்ளையென்றால் நின்று பார்க்கும், இவனுக்கு என்ன வருத்தம் என்று கேட்கும். ஒருவருக்கும் பெயர் தெரியாத வருத்தத்துக்கு அந்தக் கேள்வி பெரிய உதவி.

கீழ்மாடி அக்காவின் பேரனுக்கும் இதே எபிடெர்மோலிசிஸ் புல்லோசாதானே. தோலின் அடுக்குகளைச் சேர்த்துப் பிடிக்கிற புரதம் பிறவியிலேயே பழுது. லேசாய் உரசினாலும் கொப்புளம். தாய் கட்டு மாற்றும்போது பக்கத்தில் இருந்தேன். கொப்புளத்தைச் சுத்தமான ஊசியால் குத்தி நீரை வடியவிட்டா. மேல்தோலை உரிக்கவில்லை. புண்ணில் ஒட்டாத துணியை வைத்துச் சுற்றிவிட்டு, சட்டையை உட்புறம் வெளியே வரப் போட்டுவிட்டா. தையல் உள்ளே இருந்தால் தோலை உரசுமாம். அவன் அந்தச் சட்டையோடு விறாந்தையெல்லாம் கார் உருட்டித் திரிந்தான்.

உன் படத்துப் பெடியனுக்கும் சட்டையை அப்படியே போட்டுவிடு. கையில் கட்டும் இருக்கவேணும். கட்டை மறைத்தால் அது வேறு யாரோ வீட்டுப் பிள்ளை. தையலைக் கண்டதும், இது என் பிள்ளைதான் என்று எந்த நாட்டுத் தாய்க்கும் விளங்கும்.

அட்டையின் பின்பக்கத்தில் "இது தொற்றாது" என்று பெரிதாகப் போடச் சொல். பள்ளிக்கூட வானில் கீழ்மாடிப் பெடியனுக்குப் பக்கத்தில் இருக்கப் பிள்ளைகளை விடாத பெற்றோர் இங்கேயே இருக்கிறார்கள். எனக்கு அது ஆறவேயில்லை. காசு எதற்குப் போகிறது என்றும் இரண்டு வரி எழுதவேணும். நீ வரைந்து கொடுக்கிற டெப்ரா அமைப்பும் 1978இல் பிரித்தானியாவில் ஒரு தாய் தொடங்கினதுதான், இதே வருத்தம் இருந்த தன் மகளுக்காக.

அரிய நோய் தினம் பெப்ரவரி கடைசி நாளல்லவா? 2008இல் முதன்முதலாக வைத்தபோது, அரிதாக வருகிற நாளென்று 29ஆம் திகதியைத் தேர்ந்தார்களாம். அதற்கு முன் அட்டை கைக்கு வரவேணும், கெதியாய் முடி. அச்சுக்குக் கொடுக்கமுன் வாட்ஸ்அப்பில் அனுப்பு. கட்டு சரியான இடத்தில் இருக்கிறதா என்று கீழ்மாடித் தாய் பார்த்துச் சொல்லுவா. பெடியனுக்குப் படத்தைக் காட்டினேன். பட்டம் சிவப்பாக இருக்கவேணுமாம்.

அன்புடன்,
அம்மா