உங்கள் ரவுட்டர்களைப் பதில் சொல்ல விடுங்கள்

இந்திய இணையச் சேவை நிறுவனங்களில் வலையமைப்பைப் பராமரிக்கும் பொறியாளர்களுக்கு,

வணக்கம்.

2025 செப்டம்பரில் ஜித்தா அருகே செங்கடலில் எஸ்எம்டபிள்யூ-4, ஐஎம்இடபிள்யூஇ என்ற கடலடி இணையக் கேபிள்கள் அறுந்தபோது இங்கே இணையம் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். மேற்கே போகும் டிராஃபிக் எந்தப் பக்கம் திரும்பியது, நெரிசல் எங்கே என்று வெளியிலிருந்து டிரேஸ்ரூட் (பாக்கெட் கடக்கும் ரவுட்டர்களை வரிசையாகக் காட்டும் கருவி) போட்டால், பல இடங்களில் பதில் இல்லை என்பதைக் குறிக்கும் நட்சத்திரக் குறிகளே வரிக்கு மூன்றாக வந்தன.

டிடிஎல் (பாக்கெட் இன்னும் எத்தனை ரவுட்டர்களைக் கடக்கலாம் என்ற எண்) தீர்ந்த பாக்கெட்டைக் கைவிடும் ரவுட்டர், ஐசிஎம்பி (வலையமைப்பின் பிழை அறிவிப்பு முறை) வகை 11 செய்தியை அனுப்பியே ஆகவேண்டும் என்கிறது 1995-இல் வந்த இணையத் தரநிலை ஆவணமான ஆர்எஃப்சி 1812. அந்தப் பதிலை வைத்தே டிரேஸ்ரூட் ரவுட்டரை அடையாளம் காண்கிறது. உங்களில் பலர் அதை ஃபயர்வாலில் மொத்தமாக அடைத்து வைத்திருக்கிறீர்கள். அதைத் திறந்துவிடுங்கள் என்பதே எங்கள் கோரிக்கை.

ஒரே ஒரு சிக்கலைப் பாருங்கள். சென்னையில் ஒரு நிறுவனத்தின் சந்தாதாரர், சென்னையிலேயே இன்னொரு நிறுவனத்தில் இருக்கும் சர்வரை அணுகுகிறார். ஊருக்குள்ளேயே இணைப்பு இருந்தால் சில மில்லிசெகண்டில் பதில் வந்துவிடும். வருவதோ 38 மில்லிசெகண்டில். ஃபைபரில் ஒளி 100 கி.மீ. போய்த் திரும்ப 1 மில்லிசெகண்ட் ஆகும். சென்னை–சிங்கப்பூர் ஐ2ஐ கேபிளின் நீளம் ஏறத்தாழ 3,200 கி.மீ.; கோரிக்கை மட்டும் அங்கே போய்த் திரும்பி, பதில் ஊருக்குள்ளேயே வந்தாலும் அதற்கே 32 போய்விடும். தரைவழி ஃபைபர் சுற்றி வளைந்து செல்வதால் டெல்லி போய்த் திரும்பினாலும் ஏறக்குறைய அதே நேரம்தான். ஆக, அடுத்த தெருவுக்குப் போகவேண்டிய தரவு நாட்டை விட்டு வெளியே போனதா என்பதைக்கூட அந்த 38-ஐ வைத்துச் சொல்ல முடியாது. நடுவில் ஒரு ரவுட்டர் தன் முகவரியோடு பதில் தந்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

பிஜிபி (வலையமைப்புகள் தங்களுக்குள் ரூட்டுகளை அறிவிக்கும் முறை) தரவு இருக்கிறதே என்பீர்கள். ஓரிகன் பல்கலைக்கழகத்தின் ரூட்வியூஸும் ரைப் என்சிசியின் ரிஸ்ஸும் அந்தத் தரவைச் சேகரித்து வெளியிடும் பெரிய கொடைகள்தாம். ஆனால் பியரிடமிருந்து (நேரடியாக டிராஃபிக் பரிமாறும் சக வலையமைப்பு) பெற்ற ரூட்டை நீங்கள் உங்கள் வாடிக்கையாளருக்கு மட்டுமே அறிவிக்கிறீர்கள். டிரான்சிட் தருபவருக்கோ (உங்களை மற்ற இணையத்தோடு இணைப்பவர்) மற்ற பியர்களுக்கோ அல்ல. அதனால் எங்கோ மேலே இருக்கும் சேகரிப்பானின் கண்ணில் அந்த பியரிங் இணைப்பு படுவதேயில்லை. அதை வெளியிலிருந்து காட்ட டிரேஸ்ரூட்டை விட்டால் வேறு நல்ல வழி இல்லை.

பாதுகாப்புக்காக அடைத்தோம் என்ற பதிலைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. ரவுட்டரின் சிபியூவைக் காக்க வேண்டுமென்றால் கண்ட்ரோல் பிளேன் போலீசரில் (சிபியூவுக்கு வரும் பாக்கெட்டுகளை மட்டுப்படுத்தும் அமைப்பு) விநாடிக்கு இத்தனை என்று வரம்பு வையுங்கள். முழு ஐசிஎம்பியையும் அடைத்தால் வகை 3, குறியீடு (code) 4-ம் சேர்ந்து போகிறது. பிபிபிஓஇ வகை பிராட்பேண்ட் இணைப்பின் எம்டியூ, அதாவது பாக்கெட்டின் உச்ச அளவு, 1,492 பைட். அங்கே 1,500 பைட் பாக்கெட் நுழையாது என்று அனுப்புபவருக்குச் சொல்வது அந்தச் செய்திதான். அது போய்ச் சேராவிட்டால் டிசிபி கைகுலுக்கல் (இணைப்பைத் தொடங்கும் முதல் பரிமாற்றம்) முடிந்தும் பக்கம் பாதியில் தொங்கும். வாடிக்கையாளர் வைஃபையைக் குறை சொல்லி மோடத்தை அணைத்து அணைத்துப் போடுவார். இதில் யாருக்கு என்ன பாதுகாப்பு கிடைத்தது?

இன்னும் இரண்டு. முதுகெலும்பு இணைப்புகளுக்கு 10.0.0.0/8 போன்ற தனியார் முகவரிகளை வைக்காதீர்கள். அவற்றிலிருந்து கிளம்பும் பதிலை அடுத்த வலையமைப்பு வடிகட்டி எறிந்துவிடும். தப்பி வந்தாலும் அது எந்த ஏஎஸ் எண்ணைச் (வலையமைப்பின் அடையாள எண்) சேர்ந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. எம்பிஎல்எஸ் டனலில் (லேபிள் ஒட்டிப் பாக்கெட்டுகளை அனுப்பும் உள்வழி) டிடிஎல்லைக் கடத்தாமல் வைத்தால் ஐந்தாறு ரவுட்டர்கள் ஒரே தாவலாகச் சுருங்கி, நேரடி இணைப்பு இல்லாத இரு ஊர்களுக்கு நடுவே வரைபடத்தில் பொய்க்கோடு விழுகிறது.

அளப்பவர்களின் கடமையும் எங்களுக்குத் தெரியும். டிராஃபிக்கைப் பல பாதைகளில் பிரிக்கும் லோடு பேலன்சிங்கில் பாதை குழம்பாதிருக்க, எந்தப் பாதை என்பதைத் தீர்மானிக்கும் ஃப்ளோ அடையாளத்தை மாற்றாத பாரிஸ் டிரேஸ்ரூட் முறை 2006 முதலே இருக்கிறது. பாக்கெட் வேகத்தையும் குறைத்தே வைக்கிறோம்.

எனவே பணிவோடு மீண்டும் கேட்கிறோம்: அடுத்த பராமரிப்பு நேரத்தில் ஐசிஎம்பி வகை 11-ஐயும் வகை 3-ஐயும் வரம்போடு அனுமதியுங்கள். ஐபிவி6-இல் இவை முறையே வகை 3, வகை 1. அங்கே வகை 2-ஐ, அதாவது 'பாக்கெட் மிகப் பெரிது' என்ற செய்தியை, எக்காரணம் கொண்டும் அடைக்காதீர்கள். பிறகு உங்கள் வலையமைப்புக்கு வெளியே ஒரு கணினியிலிருந்து எம்டிஆர் (டிரேஸ்ரூட்டைத் தொடர்ந்து செய்யும் கருவி) ஓட்டிச் சரிபாருங்கள்.

இப்படிக்கு,
இணைய அளவீட்டுப் பணியில் இருப்போர்