விளக்கு அணையாவிட்டால் இறங்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் வாசகர் குறிப்புகள் பக்கத்தில், கிணற்றில் இறங்குவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை என்று ஒரு சிறு குறிப்பு வந்திருந்தது. எரியும் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பாருங்கள், அணையாவிட்டால் தைரியமாக இறங்கலாம் என்கிறது அது. இதே வரிகள் எங்கள் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாப் பக்கம் வாட்ஸ்அப்பில் ரொம்ப நாளாகச் சுற்றிக்கொண்டிருக்கின்றன. போனில் வந்தால் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். அச்சில் வந்துவிட்டால் தோப்புக்காரர் முதல் தூர் வார வருபவர் வரை எல்லாரும் நம்புவார்கள்.

விளக்கு அணைந்தால் இறங்காதே என்பது பழைய வழக்கம், சரியான வழக்கமும்கூட. காற்றில் ஆக்சிஜன் சுமார் 21 சதவீதம். அது 16, 17 சதவீதத்துக்கு இறங்கும்போது சுடர் அணைந்துவிடும். கரியமில வாயு தேங்கிய பாழுங்கிணற்றை இது காட்டிக்கொடுக்கும். குறிப்பை எழுதியவர் இதை அப்படியே திருப்பிப் போட்டுவிட்டார். அணையாத விளக்கு ஒன்றைத்தான் சொல்கிறது: சுடர் எரியும் அளவுக்கு ஆக்சிஜன் இருக்கிறது. விஷ வாயு இல்லை என்று அது சொல்லவே இல்லை.

ஹைட்ரஜன் சல்பைடை எடுத்துக்கொள்ளுங்கள். கழிவு கலந்த கிணற்றிலும் செப்டிக் டேங்கிலும் வரும், அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். பத்து லட்சத்தில் 100 பங்கு சேர்ந்தாலே உயிருக்கு ஆபத்து. அந்த அளவில் மூக்கும் மரத்துப்போகும். நாற்றம் போய்விட்டது என்று நினைத்து ஒருவர் இறங்குவார், விளக்கோ நன்றாக எரிந்துகொண்டிருக்கும். பெட்ரோல் எஞ்சினைக் கிணற்றுக்குள்ளேயே இறக்கித் தண்ணீர் இறைத்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனையே கிடையாது, அதற்கும் விளக்கு அசையாது. மீத்தேன் இன்னும் மோசம். காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை இருந்தால், நாம் இறக்கும் விளக்கே அதைப் பற்றவைத்துவிடும். இந்தக் குறிப்பைப் படித்துவிட்டு யாராவது செப்டிக் டேங்கிலும் விளக்கை இறக்கிப் பார்த்தால் என்ன ஆகும்?

நான் கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில் வேலை பார்க்கிறேன். எந்த ரசாயனம் கேட்டைத் தாண்டி வந்தாலும் கூடவே எஸ்.டி.எஸ். என்ற பாதுகாப்புத் தாள் வர வேண்டும். அதில் 16 பிரிவுகள். முதல் பிரிவு என்ன பொருள், யார் தயாரித்தது என்று சொல்லும். ஐந்தாவது தீயை எப்படி அணைப்பது. ஒன்பதாவது காற்றைவிட எத்தனை மடங்கு கனம், எந்த வெப்பத்தில் பற்றும் என்பது. பெயர் தெரியாமல் மற்ற 15 பிரிவுகளையும் படித்து ஒரு பயனும் இல்லை. ஃபார்வர்டுகளில் விடுபடுவது அந்தப் பெயர்தான். 'கேஸ் கசிந்தால்' என்று ஆரம்பிப்பார்கள். எந்த கேஸ்? சிலிண்டரில் வருவது காற்றைவிடக் கனமானது, தரையோடு படரும், பள்ளத்தில் தேங்கும். குழாயில் வரும் இயற்கை எரிவாயு காற்றில் ஏறக்குறையப் பாதி எடை, மேலே போய்க் கூரையடியில் சேரும். பாலக்காடு மாவட்டத்தின் கூற்றநாடு வழியாகப் போகும் கொச்சி - மங்களூர் குழாய் 2021 ஜனவரியில் திறக்கப்பட்டது. இனி இரண்டு வகை அடுப்பும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் எரியும். ஒன்றுக்குச் சொன்னதை மற்றொன்றுக்குச் செய்தால் சரிப்படாது.

சாலையில் பெயர் கேட்கவே வேண்டாம், எழுதியே இருக்கும். வாளையாறு வழியாகப் போகும் டேங்கர்களின் பின்பக்கம் கட்டம் போட்ட பலகையைப் பாருங்கள். நான்கு இலக்க எண் 1075 என்றால் எல்.பி.ஜி., 1203 என்றால் பெட்ரோல், 1202 என்றால் டீசல். அதோடு உள்ள குறியீடு ஆங்கில 'ஈ' எழுத்தில் முடிந்தால், சுற்றியுள்ளவர்களை வெளியேற்றுவதைப் பற்றி யோசிக்க வேண்டும் என்று பொருள். 2012 ஆகஸ்டில் கண்ணூர் சாலாவில் டேங்கரிலிருந்து கசிந்த கேஸ் அக்கம்பக்கத்து வீடுகள் வரை பரவிப் பற்றிக்கொண்டது, 20 பேர் இறந்தார்கள். 2025 ஜனவரியில் கொச்சியிலிருந்து வந்த டேங்கர் கோவை அவிநாசி சாலை மேம்பாலத்தில் கவிழ்ந்தபோது உயிர்ச்சேதம் இல்லை. அந்தப் பலகையை வாசிக்கத்தான் ஆள் வேண்டும், செல்போனோடு கிட்டே போய் வீடியோ எடுக்க அல்ல.

வெயில் காலத்தில் டேங்க் நிறைய பெட்ரோல் போட்டால் வெடிக்கும் என்ற செய்தியைப் பற்றி அதிகம் எழுதவில்லை. பெட்ரோல் தானாகப் பற்ற 250 டிகிரிக்கு மேல் வேண்டும். இந்தியன் ஆயில் நிறுவனமே மறுத்த பிறகும் ஆண்டுதோறும் சித்திரை வெயிலோடு அது வந்துவிடுகிறது. அதை நம்பி அரை டேங்க் போடுபவருக்குப் பெரிய நஷ்டம் இல்லை. கிணற்றுக் குறிப்பை நம்புகிறவருக்கு அப்படி இல்லை. ஒருவர் உள்ளே மயங்கினால் தம்பியோ மச்சானோ உடனே குதிப்பார், அவரும் திரும்ப மாட்டார். மேலே நிற்பவர் யாரும் இறங்காமல் 101க்கு அழைக்க வேண்டும். சமையல் கேஸ் கசிவு என்றால் 1906.

இனி இப்படிப்பட்ட குறிப்புகளைப் போடும் முன் எந்த வாயு, எந்த அளவு, தகவல் எங்கிருந்து வந்தது என்ற மூன்றையும் அனுப்பியவரிடம் கேளுங்கள். பதில் இல்லையென்றால் அந்த இடத்தில் ஒரு சமையல் குறிப்பு போடலாம். திருத்தத்தை எங்கோ மூலையில் போடாமல், குறிப்பு வந்த அதே பக்கத்தில் அதே அளவு எழுத்தில் போடுங்கள். பங்குனி பிறந்தால் எங்கள் பக்கம் தூர் வாரும் வேலை தொடங்கிவிடும். அடுத்த இதழிலேயே வந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்