திருச்சி விமானம் ஏறுமுன் கைப்பேசியையும் தயார் செய்யுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழில் தமிழ்நாட்டு ஆலயச் சுற்றுலா விளம்பரங்களைத் தவறாமல் பார்க்கிறேன். மூன்று வேளை சைவ உணவு, ஏசி பஸ், தங்குமிடம், எந்தெந்தக் கோயில் என்று எல்லாம் இருக்கிறது. ஆனால் அங்கே போய் இறங்கியதும் கைப்பேசி வேலை செய்யுமா என்பதற்கு ஒரு வரி கிடையாது. மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களிலிருந்து பழனிக்கும் திருச்செந்தூருக்கும் புறப்படுகிறவர்களில் பலர் வயதானவர்கள். பிள்ளைகள் வாங்கிக் கொடுத்த போன், அதில் ஒரு பிரீபெய்ட் எண். வாட்ஸ்அப்பில் முகம் பார்த்துப் பேசத் தெரியும், ரோமிங் (வெளிநாட்டிலும் நம் எண்ணையே பயன்படுத்தும் வசதி) என்றால் தெரியாது. இவர்களை இப்படியே அனுப்பிவைப்பது சரியல்ல என்பதால்தான் எழுதுகிறேன்.

மாதாமாதம் பில் கட்டும் எண் வைத்திருந்த என் உறவினர் ஒருவர் போனபோது, டவுனில் ஒரு கைப்பேசிக் கடையில் கேட்டோம். "அங்க போனா தானா லைன் கிடைக்கும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். லைன் கிடைத்தது உண்மைதான். இத்தனை நாளுக்கு இவ்வளவு என்று காசு கட்டி வாங்கும் ரோமிங் பாஸ் எதுவும் வாங்காமல் டேட்டா ரோமிங் திறந்தே இருந்ததால், கோயில் கோயிலாக எடுத்த படங்களும் வீடியோக்களும் தானாக இணையத்தில் ஏறிக்கொண்டிருந்தன. மாதக் கடைசியில் வந்த பில்லைப் பார்த்து அவர் அழுதே விட்டார். ரோமிங் பற்றிய குறுஞ்செய்திகள் அவருக்கு வந்துதான் இருந்தன, மலாயில். அவருக்கு வாசிக்கத் தெரிந்தது தமிழ் மட்டும்.

ஒரு வாரம், பத்து நாள் குழுவோடு போய் வருகிறவர்களுக்கு நம் எண்ணிலேயே ரோமிங் பாஸ் வாங்குவதுதான் நல்லது என்பது என் கருத்து. சிம்மைக் கழற்ற வேண்டாம், எண்ணும் மாறாது, வங்கி அனுப்பும் குறுஞ்செய்தியும் வந்து சேரும். பாஸை விமானம் ஏறுமுன்பே வாங்கிவிட வேண்டும். பிரீபெய்ட் என்றால் அதற்குப் போதிய டாப்-அப் இருக்க வேண்டும். ஒரு விஷயத்தைக் கட்டாயம் கேட்டுக்கொள்ளுங்கள்: ஒரு நாள் பாஸ் என்றால் அந்த நாள் எப்போது முடிகிறது? சில பாஸ்கள் தொடங்கிய நேரத்திலிருந்து 24 மணி நேரம் ஓடும். சிலவற்றுக்கு மலேசிய நேரப்படி நள்ளிரவோடு கணக்கு முடிந்துவிடும். இந்தியா நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால் இருப்பதால், நம் நள்ளிரவு என்பது அங்கே இரவு 9.30. திருச்சியில் இரவு எட்டரைக்கு இறங்கி பாஸைத் தொடங்கினால் ஒரு மணி நேரத்தில் ஒரு நாள் காசு போய்விடும்.

சொந்தக்காரர் வீட்டில் மாதக்கணக்கில் தங்குகிறவர்கள் அங்கேயே சிம் வாங்கலாம், செலவு குறைவு. பாஸ்போர்ட், விசா நகல், புகைப்படம் கொண்டு போக வேண்டும். உள்ளூர் முகவரியும் கேட்பார்கள். வாங்கிய கையோடு வேலை செய்யும் என்று நம்ப வேண்டாம், திறக்க நேரம் எடுக்கலாம். புது சிம் போட்டதும் வாட்ஸ்அப் எண்ணை மாற்றவா என்று கேட்டால் மாற்ற வேண்டாம். பழைய எண்ணிலேயே அது ஓடும்.

புதிய போன் வைத்திருப்பவர்களுக்கு இ-சிம் வசதி, அது அட்டை இல்லாமல் இணையம் வழி போனுக்குள்ளேயே ஏற்றும் சிம். *#06# என்று அழுத்திப் பாருங்கள், இ.ஐ.டி. என்று ஒரு நீண்ட எண் வந்தால் பொதுவாக உங்கள் போன் இ-சிம் ஏற்கும். ஐபோனில் 2018-இல் வந்த எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் முதல் இந்த வசதி உண்டு. இதை வீட்டு வைஃபையில் உட்கார்ந்தே போட்டுவிட வேண்டும், ஏனென்றால் போடுவதற்கே இணையம் தேவை. அங்கே போய் விமான நிலைய வைஃபையில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் கவனிக்கவும்: இந்தியாவில் அந்த வைஃபைக்குள் நுழையவே பெரும்பாலும் கைப்பேசிக்கு ஓ.டி.பி. (ஒரு முறை மட்டும் பயன்படும் ரகசிய எண்) குறுஞ்செய்தியாக வந்தாக வேண்டும். இ-சிம் வாங்கும்போது வரும் கியூஆர் குறியீட்டைத் தாளில் அச்சிட்டு வைத்துக்கொண்டால் ஸ்கேன் செய்வது எளிது. செல்லுபடிக் காலம் போட்ட நாளிலிருந்தா, அங்கே லைன் பிடித்ததிலிருந்தா என்று வாங்குமுன் கேளுங்கள். இறங்கியதும் டேட்டாவுக்கு இ-சிம்மைத் தேர்ந்தெடுத்து, அதற்கு மட்டும் டேட்டா ரோமிங்கைத் திறக்க வேண்டும், மலேசிய எண்ணுக்கு மூடியே இருக்கட்டும். லைன் வரவில்லை என்று பதறி இ-சிம்மை அழித்துவிடாதீர்கள். பல குறியீடுகள் ஒரு முறைதான் வேலை செய்யும். அப்புறம், பயண இ-சிம் பெரும்பாலும் டேட்டா மட்டும்தான் தரும், அதில் சாதாரண அழைப்புக்கு எண் இருக்காது.

எந்த வழியில் போனாலும் புகைப்படங்கள் தானாக இணையத்தில் சேமிக்கப்படுவது (பேக்-அப்), செயலிப் புதுப்பிப்பு, வாட்ஸ்அப்பின் தானியங்கிப் பதிவிறக்கம் மூன்றையும் நிறுத்திவிடுங்கள். போகும் ஊர்களின் கூகள் வரைபடத்தையும் இங்கேயே இறக்கிக்கொள்ளலாம்.

இதையெல்லாம் ஒரு பாட்டி தானாகச் செய்துகொள்வார் என்று எதிர்பார்க்க முடியாது. சுற்றுலா ஏற்பாட்டாளர்கள் புறப்படுவதற்குச் சில நாள் முன்பு கோயில் மண்டபத்தில் எல்லாரையும் கூட்டி, ஒவ்வொருவர் போனையும் கையில் வாங்கிச் சரிபார்த்துக் கொடுக்க வேண்டும். பாஸ்போர்ட்டைச் சரிபார்க்கிற அதே அக்கறை இதற்கும் வேண்டும். அரசாங்கத்தின் நாடி இணைய மையங்கள் தமிழில் ஒரு மாலை வகுப்பு வைத்தால் எங்கள் இளைஞர்களே வந்து உதவுவார்கள். தொலைத்தொடர்பு நிறுவனங்கள் ரோமிங் எச்சரிக்கையைத் தமிழிலும் அனுப்ப வேண்டும். இவர்களும் மாதாமாதம் காசு கட்டுகிறவர்கள்தானே?

ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறைக்கு முன்பாக, தங்கள் நாளிதழ் இதைப் படங்களோடு அரைப் பக்கத்தில், பெரிய எழுத்தில் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன். வெட்டி எடுத்து எங்கள் ஆலய அறிவிப்புப் பலகையில் ஒட்டிவைக்க நான் பொறுப்பு.

இப்படிக்கு,
தோட்டப்புற வாசகி,
சுங்கை சிப்புட், பேராக்.