லிட்டில் ராக்: வாசலுக்கு முன் நடைபாதை

அன்புள்ள சேகர்,

டல்லாஸிலிருந்து காரில், ஆர்கன்சா மாநிலத் தலைநகர் லிட்டில் ராக் போகப்போவதாக எழுதியிருந்தாய். படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. ஐந்து மணி நேர ஓட்டம்தான், ஒரே நாளில் திரும்பிவிட நினைக்காதே.

முதலில் ஒன்று. வெள்ளையர் மட்டுமே படித்துவந்த சென்ட்ரல் ஹைஸ்கூலில் 1957இல் முதன்முதலாக ஒன்பது கறுப்பின மாணவர்கள் சேர்ந்த கதைக்காகத்தான் அங்கே போகிறோம். அந்தப் பள்ளியில் இன்றும் பிள்ளைகள் படிக்கிறார்கள். நினைத்தபடி உள்ளே நுழைய முடியாது. தேசியப் பூங்காத் துறை வழிகாட்டியோடு, முன்பதிவு செய்துதான் போகலாம். பலர் வார இறுதியில் வந்து வாசலில் நின்று ஏமாந்து போகிறார்கள். தேதி உறுதியான பிறகு ஓட்டல் போடு. எதிர் மூலையில் இருக்கும் பார்வையாளர் மையத்துக்குக் கட்டணம் இல்லை.

மையத்தைப் பார்த்து முடித்ததும் நேரே படிக்கட்டுக்குப் போகாதே. பார்க் தெருவில், அந்நாளைய 14ஆம் தெரு முனையில் நில். அந்தத் தெருவுக்கு இப்போது, அந்த மாணவர்களுக்குத் துணை நின்ற கறுப்பினத் தலைவி டெய்சி பேட்ஸின் பெயர். 1957 செப்டம்பர் 4 அன்று ஒன்பது கறுப்பின மாணவர்களும் சேர்ந்து வருவதாக அவர்தான் முந்தின இரவு ஏற்பாடு செய்தார். அவர்களில் ஒருத்தியான எலிசபெத் எக்ஃபோர்டு வீட்டில் போன் இல்லை, சேதி போகவில்லை. பதினைந்து வயதுப் பெண் தன்னந்தனியாக வந்து நின்றாள். கறுப்பின மாணவர்களைத் தடுக்க மாநில ஆளுநர் ஃபாபஸ் அனுப்பிய தேசியக் காவல்படை துப்பாக்கியோடு வழிமறித்தது. பின்னால் கூச்சலிடும் கும்பல். திரும்ப வழியில்லாமல், 16ஆம் தெரு பஸ் நிறுத்தத்து பெஞ்சை நோக்கி நடந்தாள். அந்த இரண்டு தெரு நீளமும் பள்ளியின் முகப்புதான். மகளையும் கூட்டிக்கொண்டு மெதுவாக நட. அவள் நடந்த அந்தப் புகழ்பெற்ற படத்தில் பார்க்கும்போது இவ்வளவு நீளம் என்று தெரியாது.

நடுவில் நின்று அண்ணாந்து பார். வாசலுக்கு மேல் நான்கு சிலைகள்: லட்சியம், ஆளுமை, வாய்ப்பு, ஆயத்தம். 1927இல் பள்ளி கட்டியபோதே வைத்தவை. எதிரே பழைய மோபில் பெட்ரோல் பங்க்; செய்தியாளர்கள் போன் பேச ஓடிய இடம்.

செப்டம்பர் 25இல் அதிபர் ஐசனோவர் அனுப்பிய 101ஆவது வான்வழி ராணுவப் பிரிவு ஒன்பது பேரையும் உள்ளே கூட்டிப்போனதோடு கதை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் வருத்தமே. சிப்பாய்கள் தாழ்வாரம்வரைதான் வந்தார்கள். வகுப்பறையிலும் கழிப்பறையிலும் பிள்ளைகள் தனியாகத்தான் இருந்தார்கள். ஒன்பது பேரில் ஒருவரான மினிஜீன் பிரவுன் 1958 பிப்ரவரியில் பள்ளியை விட்டே நீக்கப்பட்டார். மே மாதம் இன்னொருவரான எர்னஸ்ட் கிரீன் பள்ளிப் படிப்பை முடித்துப் பட்டம் வாங்கினார். அடுத்த கல்வியாண்டில் கறுப்பரைச் சேர்ப்பதைவிட மூடுவதே மேல் என்று நகரத்தின் எல்லா அரசு உயர்நிலைப் பள்ளிகளையும் பூட்டிவிட்டார்கள். 3,600க்கும் மேற்பட்ட பிள்ளைகள், வெள்ளையரும் சேர்த்து, பள்ளி இழந்தார்கள். ஒப்பந்தம் இருந்ததால் ஆசிரியர்கள் மட்டும் காலி வகுப்புகளுக்குப் போய்வந்தார்கள். மையத்தில் இந்தப் பகுதிக்குக் கூடுதல் நேரம் கொடு.

மாலையில் மாநில சட்டமன்ற வளாகத்துக்குப் போ, காரில் சில நிமிடம். அங்கே ஒன்பது பேரும் வெண்கலத்தில், ஆளுநர் அலுவலகம் இருக்கும் பக்கம் நிற்கிறார்கள். வெளிச்சம் இருக்கும்போதே போய்விடு.

அன்புடன்,
ரகு