தண்ணீர்ப் பந்தலில் பிள்ளைகளுக்கும் ஒரு மேசை போடுங்கள்

தைப்பூசத்துக்குப் பினாங்கில் தண்ணீர்மலை முருகன் கோவிலுக்குப் போகும் வழியெங்கும் பந்தல் போடுகிற ஆலயக் குழுக்கள், இளைஞர் மன்றங்கள், தொழிற்சாலை நண்பர்கள், வியாபாரிகள், குடும்பங்கள் எல்லாருக்கும் வணக்கம்.

நீங்கள் செய்கிற வேலை எவ்வளவு என்று எனக்குத் தெரியும். பெர்மிட் எடுப்பதில் ஆரம்பித்து கூடாரம், ஐஸ், லோரி, பாத்திரம், ராத்திரி முழுக்கச் சமையல், கடைசியில் குப்பை அள்ளுவது வரை எல்லாவற்றையும் வேலைக்கு லீவு போட்டு, சொந்தக் காசையும் போட்டுச் செய்கிறீர்கள். பினாங்கு வீதி கோவில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் புறப்படும் நாள் தொடங்கி அது திரும்பிப் போகும் ராத்திரி வரை இந்த ஊரில் யாரும் தாகத்தோடு நடக்க வேண்டியதில்லை என்றால் அதற்குக் காரணம் நீங்கள்தான். அதனால்தான் இந்த மடலைக் கல்வி இலாகாவுக்கோ பள்ளிக்கூடங்களுக்கோ எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் ஒரு பாலர் பள்ளி ஆசிரியை. எனக்கும் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். நான் கேட்பது ஒன்றுதான்: உங்கள் பந்தலில் பிள்ளைகளுக்கென்று தாழ்வாக ஒரு மேசை போடுங்கள். அப்பா அம்மாவோ தாத்தா பாட்டியோ பக்கத்தில் நிற்கட்டும், பிள்ளைகள் தங்கள் கையாலேயே வருகிறவர்களுக்குத் தண்ணீரோ மோரோ பானகமோ எடுத்துக் கொடுக்கட்டும்.

நம் சமூகம் பிள்ளைகளுக்கு எதுவும் செய்யவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. நிறைய செய்கிறோம். ஆனால் செய்வதில் பெரும்பகுதி போட்டி. கோலப் போட்டி, மாறுவேடப் போட்டி, செய்யுள் ஒப்புவிக்கும் போட்டி, பொங்கல் வைக்கும் போட்டி (அதிலும் அடுப்புப் பக்கம் நிற்பது அம்மாதான், பிள்ளை வேட்டி கட்டிக்கொண்டு படத்துக்கு நிற்கும்). கருணையைப் பற்றி மூன்று செய்யுள் மனப்பாடமாகச் சொல்கிற ஐந்து வயதுப் பிள்ளை, தன் வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு ஒரு கிளாஸ் தண்ணீர் எடுத்துக் கொடுத்திருக்காது. பிள்ளை மேல் தப்பே இல்லை, யாரும் அதன் கையில் அந்த கிளாஸைக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். சிந்திவிடும், உடைத்துவிடும், நேரமாகும் என்று நாமே எடுத்துக் கொடுத்துவிடுகிறோம்.

2006இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரிலிருந்த இரண்டு ஆய்வாளர்கள், ஃபெலிக்ஸ் வார்னெகன், மைக்கேல் டோமசெல்லோ என்று பெயர், ஒன்றரை வயதுக் குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். துணி காயப்போடும் ஒருவர் கிளிப்பைக் கீழே நழுவவிட்டு எட்டாமல் தவிப்பார். இரண்டு கையும் நிறைந்திருக்க, அலமாரிக் கதவைத் திறக்க முடியாமல் முட்டிக்கொண்டு நிற்பார். யாரும் சொல்லாமலே பெரும்பாலான குழந்தைகள் போய் உதவின. இரண்டு வருடம் கழித்து அவர்களே இன்னொன்றையும் காட்டினார்கள்: உதவி செய்ததற்குப் பொருளைப் பரிசாகக் கொடுத்துப் பழக்கிய குழந்தைகள், அப்புறம் பரிசு இல்லாதபோது மற்றக் குழந்தைகளைவிடக் குறைவாகவே உதவின. ஆகவே உதவுகிற மனசைப் பிள்ளைக்கு நாம் புதிதாக ஊட்ட வேண்டியதில்லை. அதற்கு இடம் கொடுத்துவிட்டு, கோப்பையையும் நற்சான்றிதழையும் கொண்டுபோய் அதைக் கெடுக்காமல் இருந்தால் போதும். தயவுசெய்து நான் கேட்கும் இந்த மேசைக்கும் பரிசு வைத்துவிடாதீர்கள்.

ஏன் பந்தல் என்று கேட்பீர்கள். வெயிலில் நடந்து வருகிறவர் யார், என்ன சாதி, எந்த ஊர், கையில் காசு இருக்கிறதா என்று ஒரு கேள்வியும் கேட்காமல் தண்ணீர் கொடுப்பது நம் மக்களிடம் தலைமுறை தலைமுறையாக இருக்கும் பழக்கம். இந்த ஊரில் அதைப் பார்க்க ஒரு பிள்ளைக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. பால்குடம் சுமந்து வரும் அக்கா, தேங்காய் உடைத்துவிட்டு நடக்கும் சீனக் குடும்பம், வேடிக்கை பார்க்க வந்த வெள்ளைக்காரர், பணியில் நிற்கும் மலாய்ப் போலீஸ்காரர், பின்னாலேயே ரோட்டைப் பெருக்கிக்கொண்டு வரும் பங்களாதேஷ் தொழிலாளி, எல்லாரும் ஒரே மேசைக்கு வருவார்கள். "குடிங்க ஐயா" என்று ஒருவரிடமும் மலாயில் "ஜெம்புட் மினும்" என்று அடுத்தவரிடமும் பிள்ளை சொல்லும். வலது கையால் கொடுக்க வேண்டும், கொடுக்கும்போது முகத்தைப் பார்க்க வேண்டும், மோரா பானகமா என்று கேட்டுவிட்டுக் கொடுக்க வேண்டும். இதையெல்லாம் வகுப்பில் சொல்லிக் கொடுத்துப் பார்த்தேன், பிள்ளைகள் தலையாட்டுவார்கள், அதோடு சரி. எதிரே தாகத்தோடு ஒரு மனிதர் நிற்கும்போது ஒரு தடவை சொன்னாலே போதும்.

ஒரு பந்தலில் நான் பார்த்ததையும் சொல்லிவிடுகிறேன், பெயர் வேண்டாம். பட்டுப்பாவாடை கட்டிய ஒரு சின்னப் பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்தி, அவள் கையில் ஒரு கப் மோரைக் கொடுத்து, ஒரு பெரியவருக்கு நீட்டச் சொல்லிப் படம் எடுத்தார்கள். எடுத்ததும் கப்பை வாங்கி வைத்துவிட்டு அவளை ஓரமாகப் போகச் சொல்லிவிட்டார்கள். அவள் திரும்பி வந்து இன்னொரு கப்பை எடுக்கப் போனபோது, "கை வைக்காதே, கொட்டிடுவே" என்று ஒரு குரல். இதைச் செய்தவர்கள் கெட்டவர்கள் என்று நினைக்கவில்லை, அந்த நெரிசலில் அவர்களுக்கு ஆயிரம் வேலை. ஆனால் அவள் இரண்டாவது தடவை தானாக வந்தாள் பாருங்கள், அந்த இடத்தில் நாம் அவளைத் திருப்பி அனுப்பியிருக்கக் கூடாது.

உங்கள் கவலைகளும் எனக்குப் புரிகிறது. சுடுதண்ணீர், கத்தி, அடுப்பு எதுவும் பிள்ளைகள் பக்கமே வர வேண்டாம், சமையல் முறைப்படி பயிற்சி எடுத்து டைஃபாய்டு ஊசி போட்டவர்களிடமே இருக்கட்டும். பிள்ளைகள் கையைச் சோப்பு போட்டுக் கழுவிவிட்டு, பெரியவர்கள் ஊற்றி வைத்ததை எடுத்துக் கொடுத்தால் போதும், கொஞ்சம் பழகியவர்கள் சின்னக் கூஜாவில் பாதி மட்டும் நிரப்பி ஊற்றலாம். மேசை சாலை ஓரத்தில் வேண்டாம், பந்தலுக்குள்ளே, காவடி வரும் பாதையை விட்டுத் தள்ளி இருக்கட்டும். நேரம் காலையில் வெயில் ஏறுவதற்கு முன்பு, இல்லாவிட்டால் சாயங்காலம். ஒரு பிள்ளைக்கு இருபது நிமிடம் போதும், வேண்டாம் என்று அழுதால் உடனே விட்டுவிட வேண்டும், கட்டாயப்படுத்தினால் அந்தப் பிள்ளைக்குப் பந்தலே பிடிக்காமல் போய்விடும். அப்புறம் அந்த ஒலிபெருக்கி. பிள்ளைகள் நிற்கும் நேரத்திலாவது அதைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள். அந்தச் சத்தத்தில் எதிரே நிற்பவர் "நன்றி" என்று சொல்வதுகூடப் பிள்ளையின் காதில் விழாது.

காவடி எடுப்பவர்கள் வெறுங்காலோடு தார் ரோட்டில் நடந்து வரும்போது காலில் தண்ணீர் ஊற்றுகிறோமே, அதில் பெரிய பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளலாம், அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு. மலை மேலே பாலதண்டாயுதபாணி சன்னதிக்கு 513 படி ஏற வேண்டும், அதற்கு முன்னால் அந்தக் கால் எவ்வளவு சுட்டிருக்கும் என்று பிள்ளைக்கு விளக்கவே வேண்டாம், ஊற்றும்போது அவர் முகத்தைப் பார்த்தாலே புரிந்துவிடும்.

பெற்றோர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. பிள்ளையை அன்றைக்குத் திடீரென்று கொண்டுவந்து நிறுத்தினால் நடக்காது. வீட்டில் இரண்டு டம்ளரை வைத்து முதலில் பருப்பு, பழகியதும் தண்ணீர் என்று மாற்றி மாற்றி ஊற்ற விடுங்கள். சிந்தினால் துடைக்கிற துணியையும் பக்கத்திலேயே வையுங்கள், துடைப்பதும் அதன் வேலைதான். முதல் நாள் சாயங்காலம் பானகத்துக்கு வெல்லத்தை உரலில் தட்டச் சொல்லுங்கள், பிள்ளைகளுக்கு அதில் இருக்கும் சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும். எலுமிச்சம்பழம் பிழியலாம், துளசி கிள்ளலாம், ஏலக்காய் உரிக்கலாம். கரைத்த வெல்லத்தை வடிகட்டும்போது அடியில் தங்கும் மண்ணைக் காட்டுங்கள். சுக்கு எதற்குப் போடுகிறோம் என்று பாட்டி சொல்லட்டும். அன்றைக்கு வீட்டில் குடிப்பதற்கும் கொஞ்சம் கரைத்துக்கொள்ளுங்கள், தான் தட்டிய வெல்லத்தின் ருசி அதற்கும் தெரிய வேண்டும். வாசலில் கோலம் போடுவதாக இருந்தால் பச்சரிசி மாவிலேயே போடுங்கள், எறும்பு வந்து தின்பதை உட்கார்ந்து பார்க்க விடுங்கள். பேரங்காடிகளில் சாயம் ஏற்றிய அரிசியில் பெரிய பெரிய கோலம் போடுகிறார்கள், அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் அதை எறும்பு தின்னும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இன்னும் ஒன்று. பந்தலைப் பிரிக்கும்போதும் பிள்ளைகள் கொஞ்ச நேரம் இருக்கட்டும். கப்புகளைப் பொறுக்கிப் பையில் போடுவது, ரோட்டைப் பெருக்க வந்தவர்களுக்கு ஒரு பொட்டலம் சாப்பாட்டைக் கொண்டுபோய்க் கொடுப்பது, இதுவும் அந்த நாளின் வேலையில் சேர்ந்ததுதான். கொடுக்கும் பகுதிக்கு மட்டும் வந்துவிட்டுக் குப்பையை வேறு யாருக்கோ விட்டுப்போகும் பழக்கம் பிள்ளைகளுக்கு வரக் கூடாது என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

அடுத்த தைப்பூசத்துக்கு முதல் கூட்டம் போடும்போது இதையும் ஐந்து நிமிடம் பேசுங்கள். எல்லாப் பந்தலிலும் முடியாது என்று தெரியும், இடம் இருக்கிற இரண்டு மூன்று பந்தல் முன்வந்தாலே ஆரம்பிக்கலாம். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் பெற்றோர்கள் முறை வைத்து வருவோம், உங்கள் ஆட்களுக்கு அந்தச் சுமை வேண்டாம். மேசை இல்லை என்றால் சொல்லுங்கள், எங்கள் பெற்றோர்களில் தச்சுவேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், பிள்ளைகளின் உயரத்துக்குச் செய்து கொண்டுவருகிறோம். உங்கள் பந்தலில் நிழலாகக் கொஞ்சம் இடம் ஒதுக்கினால் போதும்.

அன்புடன்,
பட்டர்வொர்த்திலிருந்து ஒரு பாலர் பள்ளி ஆசிரியை