மேடையில் விட்டுப்போன நன்றி

அன்புள்ள மாணவர்களுக்கும், எங்களோடு சேர்ந்து தூசி குடித்த மற்ற எல்லோருக்கும்,

வணக்கம். நம் நூலகத்தின் புதுப்பித்த வாசிப்புக்கூடத்தைத் திறந்து ஒரு பருவம் ஓடிவிட்டது. திறப்பு விழா அன்று நன்றியுரை எனக்குத்தான் கொடுத்திருந்தார்கள். ஐந்து நிமிடம். மேடையில் உட்கார்ந்திருந்தவர்களுக்குச் சொல்லி முடிப்பதற்குள் துண்டுச்சீட்டு வந்துவிட்டது, தேநீர் ஆறுகிறதாம். நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலரும் கூடத்தின் கடைசியில் இடமில்லாமல் நின்றுகொண்டிருந்தீர்கள். அந்தக் கடனை இப்போது அடைக்கிறேன்.

முதலில் ஒரு தப்பை ஒப்புக்கொள்ள வேண்டும். கருத்துக் கேட்கிறோம் என்று நாங்கள் ஆரம்பத்தில் அனுப்பியது ஒரு கூகுள் ஃபார்ம். இருக்கை எப்படி, வெளிச்சம் எப்படி, காற்றோட்டம் எப்படி. மிக நன்று, நன்று, பரவாயில்லை. நீங்களும் எல்லாவற்றுக்கும் 'நன்று' என்று தட்டிவிட்டுப் போய்விட்டீர்கள். அதை அச்செடுத்துக் கோப்பில் போட்டிருந்தால், கல்லூரிகளைத் தரம் பார்க்கும் நாக் குழு வரும்போது காட்ட வசதியாக இருந்திருக்கும், கூடமும் பழையபடியே கிடந்திருக்கும். முதுகலைத் தமிழ் மாணவிகள் இரண்டு பேர் என் அறைக்கு வந்து, "மேடம், எங்க பிரச்சினை எதுவுமே உங்க கேள்வியில இல்லையே" என்றார்கள். உண்மையைச் சொன்னால் அன்றைக்குக் கோபம்தான் வந்தது. முதல் நன்றி அந்த இருவருக்கும்.

அப்புறம்தான் மாடிப்படி ஓரம் ஒரு சார்ட் பேப்பரை ஒட்டி, சணலில் ஸ்கெட்ச் பேனாவைக் கட்டித் தொங்கவிட்டோம். கேள்வி எதுவும் எழுதவில்லை. பெயர் போட வேண்டாம் என்று மட்டும் சொன்னோம். இரண்டே நாளில் தாள் நிறைந்துவிட்டது. மூன்றாம் நாள் பேனா காணாமல் போனது. எடுத்தவர் அதை வைத்து நன்றாகப் படித்துக்கொண்டிருப்பார் என்று நம்புகிறேன்.

அந்தத் தாளில் ஒரு வரி என்னைத் தூங்கவிடவில்லை. "இந்த நூலகத்தில் எல்லாருடைய புத்தகத்தையும் படிக்கலாம், என் புத்தகத்தைத் தவிர." வாசலில் பையை வாங்கிக்கொண்டு டோக்கன் கொடுப்போம், சொந்தப் புத்தகத்தை உள்ளே விடமாட்டோம். திருட்டுக்குப் பயந்து என்றைக்கோ போட்ட விதி. டிஎன்பிஎஸ்சிக்கும் நெட் தேர்வுக்கும் படிக்கிறவர்களிடம் புத்தகம் ஏற்கெனவே இருக்கிறது. அவர்களுக்கு வேண்டியது ஒரு மேசை, ஒரு ஃபேன், கொஞ்சம் அமைதி. இந்த விதியை எழுதி வைத்திருந்த அறிவிப்புப் பலகைக்கு நேர் மேலே மாட்டியிருந்தது எஸ்.ஆர்.ரங்கநாதன் படம். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர் ஆனவர். வாசகரே அலமாரிக்குப் போய்ப் புத்தகத்தை எடுக்கலாம் என்று திறந்துவிட்டவர். 1931இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் நான்காவதாக, வாசகரின் நேரத்தை வீணாக்காதே என்று எழுதியவர். அவர் பிறந்தநாளுக்கு மாலை போடுவோம். மறுநாள் காலை அந்தப் படத்துக்குக் கீழேயே வாசகரை வரிசையில் நிறுத்திப் பையைத் துழாவுவோம்.

அதே தாளில் வேறு கையெழுத்தில் இன்னொரு குறிப்பு: "கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் படிக்கத் தனிப் பிரிவே இருக்கிறது, போய்ப் பாருங்கள்." 2010இல் திறந்த நூலகம் அது. நான் பல முறை போயிருக்கிறேன், அந்தப் பிரிவின் வழியாகவே நடந்தும் போயிருக்கிறேன். உறைக்கவில்லை. இப்போது நம் தரைத்தளம் முழுக்க உங்கள் பை, உங்கள் புத்தகம், உங்கள் தண்ணீர் பாட்டில். வெளியே போகும்போது பையைத் திறந்து காட்டினால் போதும். இதனால் வேலை இரட்டிப்பானது வாசல் காவலர் அண்ணனுக்குத்தான். "பிள்ளைங்க முகம் தெளிவா இருக்கு, பரவால்ல மேடம்" என்று சொல்லிவிட்டார். அவருக்கு என் வணக்கம்.

நூலக அறிவியல் துறைக்குப் புதிதாக வந்த உதவிப் பேராசிரியருக்கும் நன்றி. அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் நான்சி ஃப்ரைடு ஃபாஸ்டர் என்ற மானிடவியலாளரை நூலகத்துக்கே அழைத்து, மாணவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று ஆராய்ந்த கதையை அவர்தான் சொன்னார். அங்கே மாணவர்கள் கையில் கேமராவைக் கொடுத்து, படிக்கும் இடத்தையும் எப்போதும் கூடவே சுமக்கும் பொருள்களையும் படம் எடுத்து வரச் சொல்லியிருக்கிறார்கள். நமக்குக் கேமரா வாங்கும் செலவு மிச்சம், எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. பிடித்த இடம் ஒன்று, எரிச்சல் வரும் இடம் ஒன்று என்று கேட்டோம். வந்த படங்களில் பாதி, தெற்குச் சுவரில் இருந்த ஒரே ஒரு பிளக் பாயிண்ட். பிடித்த இடம் என்று நிறையப் பேர் அனுப்பியது மாடிப்படித் திருப்பம்! அங்கே காற்று வருகிறது, சத்தமாகப் பேசினாலும் யாரும் 'ஷ்' சொல்வதில்லை. கலந்து பேசிப் படிக்கத் தனி அறை வேண்டும் என்று எழுதிச் சொல்லாத நீங்கள், படத்தில் சொல்லிவிட்டீர்கள்.

இருக்கைக் கணக்கு எடுத்த அலுவலக உதவியாளர் அக்காவைச் சொல்லாமல் விட முடியாது. கூடத்தின் வரைபடத்தை அட்டையில் செருகிக்கொண்டு மணிக்கு ஒரு முறை சுற்றி வந்து, ஆள் இருக்கும் நாற்காலியில் எல்லாம் புள்ளி வைத்தார். நாற்காலி பற்றாக்குறை என்றுதான் நாங்கள் கொட்டேஷன் வாங்கத் தயாராக இருந்தோம். புள்ளிகளோ வேறு கதை சொல்லின. நான்கு பேர் மேசையில் இரண்டு பேர் மூலைக்கு மூலை உட்கார்ந்துவிட்டால் மூன்றாமவர் வருவதே இல்லை. எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு யாரால் படிக்க முடியும்? மேசை நடுவே ஒரு தடுப்பு வைத்தால் போதும் என்று தெரிந்தது. "தேக்கு மேடம் இது, இப்ப தேடினாலும் கெடைக்காது" என்று பழைய மேசைகளைக் கழிக்க விடாமல் தடுத்து, வேண்டாதபோது கழற்றி வைக்கிற மாதிரி காடி எடுத்துத் தடுப்புப் பொருத்தித் தந்தவர் தச்சர். ஃபேன் லைனில் கை வைக்காமல் பிளக் பாயிண்டுகளுக்குத் தனி லைன், தனி எம்சிபி (லோடு கூடினால் தானே அணையும் சுவிட்ச்) என்று பிடிவாதமாக நின்றவர் எலக்ட்ரீஷியன். இப்போது லேப்டாப் எத்தனை மாட்டினாலும் விளக்கு அணைவதில்லை.

சக்கர நாற்காலியில் வரும் பொருளியல் மாணவருக்கு நன்றியோடு மன்னிப்பும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சாய்தளம் கட்டியிருக்கிறோமே என்று பெருமையாகச் சொன்னேன். அவர் டேப்பை எடுத்து நண்பரிடம் கொடுத்து அளக்கச் சொன்னார். ஓரடி உயர்வதற்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். நம் வாசல் ஒன்றரை அடி உயரம், அதாவது பதினெட்டு அடி. நாம் கட்டியிருந்தது எட்டு அடி. "யாராவது தள்ளினா ஏறலாம் மேடம். தனியா வரணும்னா?" என்றார். இடித்துவிட்டு, சுவரோரமாக வளைத்துக் கட்டினோம். கட்டும் முன்பே அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இரண்டு முறை சிமெண்ட் வாங்கியிருக்க வேண்டாம்.

எல்லாம் முடிந்துவிட்டதாகச் சொல்லவில்லை. இரவு பத்து வரை திறந்து வைக்கிறோம், ஆனால் மாணவியர் விடுதிக் கதவு அதற்கு வெகு முன்பே மூடிவிடுகிறது. "நேரத்தை நீட்டியது பசங்களுக்கு மட்டும்" என்று ஒரு மாணவி எழுதியிருந்தார். மறுக்க முடியவில்லை. இரண்டு முறை எழுதிக் கொடுத்திருக்கிறேன், மூன்றாவது கடிதமும் தயார். கையெழுத்துப் போட முன்வந்த விடுதி மாணவியருக்கு முன்கூட்டியே நன்றி. அப்புறம், கிழக்கு ஜன்னலோரம் தன் வழக்கமான இடத்தை இழந்த ஆய்வு மாணவரே, உங்கள் வருத்தம் எனக்குத் தெரியும். அந்த மூலையை இன்னொரு முறை பார்க்கலாம், வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் நூலகர்

பி.கு.: மாடிப்படி ஓரத்தில் புதுத் தாள் ஒட்டியிருக்கிறோம். முதல் ஆளாக ஒருவர் "கடிகாரம் பத்து நிமிடம் லேட்" என்று எழுதியிருக்கிறார். பேட்டரி மாற்றியாகிவிட்டது. பேனாவை மட்டும் விட்டு வையுங்கள்.