படிக்கட்டு உண்டு, வீடு இல்லை

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் போடவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. வலது கண்ணில் புரை எடுத்தார்கள். குனியாதே, கசக்காதே, முகத்தில் தண்ணீர் படவிடாதே என்று ஆயிரம் கட்டளை. இப்போது எழுத்தெல்லாம் நல்ல கறுப்பாகத் தெரிகிறது. போன வருஷம் வரை திருத்திய விடைத்தாள்களில் மை வெளிறிக் கிடக்கிறது என்று எத்தனை பிள்ளைகளைத் திட்டியிருப்பேன்! வெளிறியது மையல்ல போலிருக்கிறது.

சரி, சின்னவள் விஷயத்துக்கு வருகிறேன். பள்ளி இறுதித் தேர்வுக்கு ஒன்பது மாதம் இருக்கிறது, மற்ற பாடங்களில் கவலையில்லை, ஆங்கிலம்தான் உதைக்கிறது என்கிறாய். மூன்று இலக்கணப் புத்தகம் வாங்கிக் கொடுத்தாயிற்று, நான்காவதாக எதை வாங்கலாம் என்று கேட்கிறாய். கடைசியில் போகிற போக்கில், "என்ன செய்வது, என் மக்குத்தனம் அவளுக்கும் வந்திருக்கிறது" என்று ஒரு வரி. அந்த வரிக்குத்தான் முதல் பதில்.

நம்முடைய வாய்மொழித் தேர்வு ஞாபகம் இருக்கிறதா? ஒரு படத்தைக் கையில் கொடுத்துப் பேசச் சொன்னார்கள். ஒரு ஆள் ஏணியில் நின்று ஜன்னல் துடைக்கிறான், கீழே ஒரு நாய், ஒரு வாளி. உனக்கும் எனக்கும் ஒரே படம். எனக்கு 'லேடர்' என்ற சொல் தெரியும். ஆனால் அதற்கு முன்னால் 'எ' போடுவதா 'தி' போடுவதா, 'கிளீன்ஸ்' என்பதா 'இஸ் கிளீனிங்' என்பதா என்று உள்ளுக்குள் நடந்த பஞ்சாயத்து முடிவதற்குள் என் நேரம் முடிந்துவிட்டது. மொத்தம் மூன்று வாக்கியம் சொல்லியிருப்பேன். உனக்கு அந்தச் சொல்லே தெரியாது. கொஞ்சமும் தயங்காமல் 'ஹி இஸ் ஸ்டாண்டிங் ஆன் ஸ்டெப்ஸ், பட் நோ ஹவுஸ்' என்றாயாம். தேர்வாளர் சிரித்தது கதவுக்கு வெளியே நின்ற எனக்கே கேட்டது. அப்புறம் நாய் வாளியைக் கவிழ்க்கப் போகிறது என்று கதை வேறு கட்டியிருக்கிறாய். வாய்மொழியில் என்னைவிட உனக்குத்தான் மதிப்பெண் அதிகம். அன்றைக்கு எனக்கு அது அநியாயமாகப் பட்டது. இரண்டு நாள் உன்னோடு சரியாகப் பேசக்கூட இல்லை, நீ கவனித்தாயோ என்னவோ.

பின்னாளில் நானே பேச்சுத் தேர்வுக்கு மதிப்பெண் போட உட்கார்ந்தபோதுதான் விஷயம் புரிந்தது. நீ செய்ததற்கு மதிப்பீட்டுத் தாளில் தனி இடமே இருக்கிறது: சொல் கிடைக்காதபோது சுற்றி வளைத்தாவது பொருளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. எனக்கு நேர்ந்ததற்கும் இடம் இருக்கிறது. அதன் பெயர் நீண்ட தயக்கம், அங்கே மதிப்பெண் குறையும். ஆகவே உன் மக்குத்தனம் உண்மையிலேயே அவளுக்கு வந்திருந்தால் சந்தோஷப்படு. எனக்கென்னவோ அவள் என்னைக் கொண்டு பிறந்திருக்கிறாள் என்று தோன்றுகிறது.

நீ வைத்து அனுப்பிய அவளுடைய தாள்களைப் பார்த்துத்தான் சொல்கிறேன். கோடிட்ட இடங்களை நிரப்புவதில் இருபதுக்குப் பதினெட்டு. அதே வாரம் அவள் எழுதிய அரைப் பக்கக் கடிதத்தில், அங்கே சரியாக நிரப்பியவற்றையே தப்பாக எழுதியிருக்கிறாள். தெரியாமல் இல்லை, தெரிந்தது தேவைப்படும் நேரத்தில் கைக்கு வரவில்லை. இதற்கு நான்காவது இலக்கணப் புத்தகம் என்ன செய்யும்?

ஒரு கணக்குச் சொல்கிறேன். ஐரோப்பியக் கவுன்சில் 2001இல் மொழித்திறனுக்கு ஆறு படிகள் வகுத்து வெளியிட்டது. ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2. பல நாடுகளில் பள்ளி இறுதி அந்நிய மொழித் தேர்வுக்கு பி1 அல்லது பி2தான் அளவு. பி1 என்றால் தனக்குப் பழகிய விஷயங்களைச் சொல்லத் தெரிவது. பி2 என்றால் ஒரு கருத்தை எடுத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வாதாடத் தெரிவது. தொடக்கத்திலிருந்து பி1 வரை வர 350 முதல் 400 மணி நேரம், பி2 வரை 500 முதல் 600 மணி நேரம் முறையான படிப்பு வேண்டும் என்று கேம்பிரிட்ஜ் ஆங்கிலத் தேர்வுகளை நடத்துகிறவர்கள் தோராயமாகச் சொல்கிறார்கள். சின்னவள் பி1இல் நன்றாகக் கால் ஊன்றியிருக்கிறாள். இடையில் இருப்பது 150 முதல் 200 மணி நேரம். ஒன்பது மாதத்துக்குப் பிரித்துப் பார், நாளுக்கு அரை மணியிலிருந்து முக்கால் மணி. பயப்படும்படி ஒன்றும் இல்லை, ஆனால் நாள்தோறும் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆறு மணி நேரம் உட்கார்கிறாள் என்று பெருமையாக எழுதியிருக்கிறாயே, அதை முதலில் நிறுத்து.

எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று தன்மேலேயே சோதித்து 1885இல் புத்தகமாக வெளியிட்டார். மறதியில் பெரும்பங்கு முதல் ஒன்றிரண்டு நாளிலேயே நடந்துவிடுகிறது. இது நமக்குத் தெரிந்த கதைதான். எனக்கு அதைவிடப் பிடித்தது 2006இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் செய்த சோதனை. ஒரு குழு ஒரு பத்தியை நான்கு தடவை படித்தது. இன்னொரு குழு ஒரே தடவை படித்துவிட்டு, மூடி வைத்து நினைவிலிருந்து மூன்று தடவை எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது படித்துக்கொண்டே இருந்தவர்கள் ஜெயித்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் அவர்களுக்கு 40 சதவீதம் நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. சின்னவள் ராத்திரி மூன்று தடவை படித்துவிட்டு "எல்லாம் தெரியும்மா" என்று சொல்வதும், அடுத்த வாரம் முழிப்பதும் இதுதான். பொய் சொல்லவில்லை அவள். அந்த நேரத்துக்குத் தெரியத்தான் செய்கிறது.

அவளுடைய சொல் நோட்டில் இடது பக்கம் ஆங்கிலம், வலது பக்கம் தமிழ், இல்லையா? தமிழை வைத்துக்கொண்டு ஆங்கிலத்தை மூடச் சொல். அதுவும் தனிச் சொல்லாக வேண்டாம், சொல் யாரோடு சேர்ந்து வருகிறதோ அதோடு எழுதட்டும். நாம் தவறும் செய்கிறோம், வீட்டுப்பாடமும் செய்கிறோம். அவர்களோ 'மிஸ்டேக்'கை 'மேக்' பண்ணுவார்கள், 'ஹோம்வொர்க்'கை 'டூ' பண்ணுவார்கள். கனமழை அவர்களுக்கும் கனம்தான், 'ஹெவி ரெயின்'. பலத்த காற்றுக்கு மட்டும் 'ஸ்ட்ராங்'. காரணம் கேட்டால் என்னிடம் பதில் கிடையாது, அப்படித்தான் சொல்கிறார்கள்.

அவள் பிழைகளைத் தனியாக எடுத்து எழுதிப் பார்த்தேன். எனக்கு இது பழைய வியாதி, பிழை சேகரிப்பது. பாதிக்கு மேல் தமிழ் உள்ளே நின்றுகொண்டு கையைப் பிடித்து இழுத்தவை. 'டிஸ்கஸ்டு அபவுட்' என்று மூன்று இடத்தில் இருக்கிறது. நமக்கு ஒன்றைப் பற்றி விவாதித்தே பழக்கம், ஆங்கிலத்தில் அந்தப் 'பற்றி' வினைச்சொல்லுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. தமிழில் தகவல்கள், அறிவுரைகள் என்கிறோமா, அவளும் 'இன்ஃபர்மேஷன்ஸ்', 'அட்வைஸஸ்' என்று எழுதிவிட்டாள். அவை ஆங்கிலத்தில் எண்ண முடியாதவை. 'ஐ ஹேவ் மெட் ஹெர் யெஸ்டர்டே' என்பதும் அப்படியே. நேற்று என்று நேரம் சொல்லிவிட்டால் 'மெட்' மட்டும் போதும், அந்த 'ஹேவ்' அங்கே நிற்காது. 'எ', 'தி' பற்றிச் சொல்லவே வேண்டாம், தமிழில் அந்த வகைச் சொல்லே இல்லை. பாதி இடத்தில் விட்டுவிட்டு, குற்ற உணர்ச்சியில் மீதி இடத்தில் தேவையில்லாமல் தெளித்திருக்கிறாள்.

வேடிக்கை என்னவென்றால், தமிழ் காப்பாற்றியிருக்க வேண்டிய ஒரு இடத்தில் அவள் தமிழைக் கேட்கவில்லை. 'ஒன் ஆஃப் மை ஃபிரண்ட்' என்று எழுதியிருக்கிறாள். 'என் தோழிகளில் ஒருத்தி' என்று நாமே பன்மையில்தானே சொல்கிறோம்? அங்கே மனசுக்குள் ஒரு தடவை தமிழில் சொல்லிப் பார்த்திருந்தால் 'ஃபிரண்ட்ஸ்' தானாக வந்திருக்கும். ஆங்கிலம் படிக்கும்போது தமிழை அடியோடு மறந்துவிடு என்கிறவர்களை நான் நம்புவதில்லை. எங்கே ஒத்துப்போகிறது, எங்கே முரண்டு பிடிக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்வதுதான் நல்லது. அவளுடைய சொந்தப் பிழைகள் பத்தைக் கடைசிப் பக்கத்தில் எழுதி வைக்கச் சொல். கட்டுரை எழுதி முடித்ததும் அந்தப் பத்தை மட்டும் தேடித் திருத்தட்டும். 'எல்லாவற்றையும் சரிபார்' என்று சொன்னால் யாரும் எதையும் பார்ப்பதில்லை.

எழுத்துத் தாளைப் பற்றி, திருத்துகிறவளாக ஒரு ரகசியம். மனப்பாடம் செய்த பத்தி வந்தால் இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிடும். பாலிஷ் போட்ட நான்கு வாக்கியம், அப்புறம் திடீரென்று தடுமாறும் ஐந்தாவது. அந்த நான்குக்காக யாரும் அள்ளிக் கொடுப்பதில்லை. அதைவிடப் பெரிய சோகம், கேள்வியில் நான்கு குறிப்பு கொடுத்திருப்பார்கள், பிள்ளை மூன்றைப் பிரமாதமாக எழுதிவிட்டு நான்காவதை மறந்திருக்கும். அழகான ஆங்கிலம், ஆனால் என் பேனாவால் ஒன்றும் செய்ய முடியாது. எழுதத் தொடங்கும் முன் குறிப்புகளுக்கு எண் போட்டு, எழுத எழுத ஒவ்வொன்றாக அடிக்கச் சொல். கடிதம் என்றால் யாருக்கு என்று பார்க்க வேண்டும். பெயர் தெரியாத அதிகாரிக்கு 'டியர் சர் ஆர் மேடம்' என்று தொடங்கினால் 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி' என்று முடிக்க வேண்டும், பெயர் சொல்லித் தொடங்கினால் 'யுவர்ஸ் சின்சியர்லி'. இரண்டு நிமிஷத்தில் படித்துவிடலாம், வருஷா வருஷம் பாதிப் பேர் கோட்டைவிடுவார்கள்.

கேட்டல் பகுதிக்குத்தான் அவள் அழுகிறாள் என்கிறாய். அழட்டும், நியாயம்தான். ஆங்கிலத்தில் எழுத்து 26, ஒலிகள் ஏறத்தாழ 44. போதாததற்கு அழுத்தம் விழாத அசைகளை அவர்கள் மென்று விழுங்கிவிடுவார்கள். 'கம்ஃபர்ட்டபிள்' என்று நாம் நான்கு அசையும் எண்ணிச் சொல்வதை அவர்கள் 'கம்ஃப்டபிள்' என்று மூன்றில் முடித்துவிடுகிறார்கள். புத்தகத்தில் தெரிந்த சொல் காதில் தெரியாத சொல்லாக விழுவது இதனால்தான். ஒரு நிமிஷ ஒலிப்பதிவு போதும். முதலில் வெறுமனே கேட்கட்டும், பிறகு கேட்டதை எழுதட்டும், அப்புறம் எழுத்துப் பிரதியோடு ஒப்பிட்டு எங்கே விழுங்கியிருக்கிறார்கள் என்று கோடு போடட்டும், கடைசியாகக் கூடவே சொல்லிப் பார்க்கட்டும். இன்னொன்று, தேர்வு ஒலிப்பதிவில் முதலில் காதில் விழும் பதில் பெரும்பாலும் பொறி. "செவ்வாய்க்கிழமை பார்க்கலாம்... இல்லையில்லை, அன்றைக்கு எனக்கு வேலை, வியாழன்" என்று பேச்சைத் திருப்புவார்கள். செவ்வாய் என்று குறித்துவிட்டுக் காதை மூடிக்கொள்கிறவர்கள்தான் அதிகம்.

வாசிப்புக்கு அதிகம் சொல்வதற்கில்லை. கேள்வியில் இருக்கும் சொல்லைப் பத்தியில் அப்படியே தேடக்கூடாது, வேறு சொல்லில்தான் ஒளிந்திருக்கும். அது அவளுக்கு வந்துவிடும், நல்ல வாசகி.

பேச்சுக்கு உன்னைவிட நல்ல வாத்தியார் கிடையாது. சிரிக்காதே. ராத்திரி பத்து நிமிஷம், ஏதாவது ஒரு படத்தை அவள் முன்னால் வை. அவளுக்குச் சொல் வராதபோது நீ எடுத்துக் கொடுக்காதே, அகராதியைத் தொடவும் விடாதே, சுற்றி வளைத்துச் சொல்லட்டும். நீ பிழை பார்க்க வேண்டாம், அதற்கு நான் இருக்கிறேன். உனக்குப் புரிகிறதா என்று மட்டும் பார். கேள்வி புரியாவிட்டால் தேர்வாளரை மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்கலாம், அதை ஆங்கிலத்தில் மரியாதையாகக் கேட்டாலே போதும் என்றும் சொல்லி வை. அன்றைக்கு எனக்கு அது தெரிந்திருக்கவில்லை.

வாரம் ஒரு கட்டுரை அவள் எனக்கு அனுப்பட்டும், நேரம் குறித்து எழுதியதாக. சிவப்பு மை வைக்க மாட்டேன், பென்சிலால் அடிக்கோடு மட்டும் போட்டு அனுப்புவேன். என்ன பிழை என்று அவளே கண்டுபிடிக்க வேண்டும். இரண்டு தடவை என்னைத் திட்டுவாள், மூன்றாவது தடவை பழகிவிடும். இடது கண்ணுக்கு அடுத்த மாதம் நாள் குறித்திருக்கிறார்கள், அந்த ஒரு வாரம் மட்டும் விடுமுறை.

உன் முட்டிவலி எப்படி இருக்கிறது என்று எழுதவே இல்லையே? மூன்று பக்கத்தில் உன்னைப் பற்றி ஒரே ஒரு வரி, அதுவும் பொய்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரி

பி.கு.: இவளிடம் முதல் நாளே ஏணிப் படத்தைக் காட்டு. என்ன சொல்கிறாள் என்று அப்படியே எழுதி அனுப்பு.